சக்கரை இருக்குதுங்களா?

“ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?”

வலது கையில் டிகாஷன் குவளை, இடது கையில் பால் குவளை. பதில் வருகிறவரைக்கும் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். அன்றைக்குக் காபி கேட்டு நின்றவன் பெங்களூரிலிருந்து பைக்கில் மலையேறி வந்த இளைஞன். தலைக்கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. முகக்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, “அது உங்ககிட்டதானே ஆன்ட்டி இருக்கணும்?” என்றான்.

“கடைச் சக்கரையக் கேக்கலீங்க கண்ணு. ஒடம்புச் சக்கரைய.”

“எனக்கு இருபத்தாறு வயசுதான் ஆன்ட்டி ஆகுது.”

“வயசக் கேக்கலையே சாமி. இருக்குதா, இல்லையா?”

இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் பால் இறங்கியது.

வெள்ளக்கடைப் பக்கம் போகும் சாலையில், பஸ் நிற்கும் ஒரு திருப்பத்தை ஒட்டிய தகரக் கூரைக் கடை அது. பலகையில் கடைக்குப் பெயர் கிடையாது. ஊரார் வாயில் ‘பாயம்மா கடை’. ஐம்பத்திரண்டு வயது ஹலீமாதான் முதலாளி, மாஸ்டர், கண்ணாடி டம்ளர் கழுவுகிறவர் எல்லாம். கணவர் சையத் இப்ராஹிம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு அருகே குடையும் ஸ்வெட்டரும் விற்கிறார். விடிந்ததும் இங்கே வந்து அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்து, முதல் காபியைக் குடித்துவிட்டு, “இன்னிக்காச்சும் கேள்வியக் கொறைச்சுக்க” என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போவார். தினமும் சொல்கிறார். தினமும் அவரையும் சேர்த்தே ஹலீமா கேட்கிறார். கட்டிய புருஷனுக்கு நேற்று இல்லாதது இன்றைக்கு வந்திருக்காது என்று என்ன நிச்சயம்?

இந்தக் கேள்வியால் வந்த வம்புகள் கொஞ்சநஞ்சமல்ல. போன மார்கழியில் தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி காருக்குள் இருந்தபடியே இரண்டு காபி கேட்டார்கள். ஹலீமா கார் பக்கமே போய்க் குனிந்து கேட்டார். புது மாப்பிள்ளை கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார், கடைசியில் ‘இருக்கு’ என்று காற்றோடு சொன்னார். பெண்ணுக்கு அந்த நிமிடம்வரை அது தெரியாது. காருக்குள் என்ன நடந்தது என்பதை நான் பெஞ்சில் இருந்தபடியே பார்த்தேன். கண்ணாடி ஏறிவிட்டதால் கேட்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. ஹலீமா மெல்லக் கண்ணாடியைத் தட்டி, “இப்பவே தெரிஞ்சது நொம்ப நல்லதுங்க கண்ணு. இனிமே இவரு பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு மாத்திரை முழுங்க வேண்டாம் பாருங்க” என்றார். அந்தப் பெண் முறைத்தது, பிறகு சிரித்துவிட்டது. போகும்போது காரிலிருந்து கையாட்டியது பெண் மட்டும்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு இந்தக் கேள்வி இந்தக் கடையில் கிடையாது. அது ஒரு மனிதரின் சுண்டுவிரலிலிருந்து பிறந்தது. அதைச் சொல்வதற்குமுன் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சின்ன அகராதி தேவைப்படும்.

இந்த மலையிலும் கீழே சேலத்திலும் பெரியவர்கள் வாயில் வெள்ளைச் சீனிக்குப் பெயர் அஸ்கா. சக்கரை என்றால் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த பழுப்பு நிற நாட்டுச்சக்கரை. கருப்பட்டி பனையிலிருந்து வருவது. அது அஸ்காவும் இல்லை, சக்கரையும் இல்லை, தனிக்குடித்தனம். போதாததற்கு, ரத்தத்தில் ஏறுகிற வியாதிக்கும் சக்கரை என்றே பெயர். டவுன்காரர்களும் டாக்டர்களும் இனிப்பு எதுவானாலும் சர்க்கரை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். இத்தனை குழப்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டுதான் ஹலீமா காபி ஆற்றுகிறார்.

அவர் கடையில் அஸ்கா ஒழிந்தது கொள்கையால் அல்ல, ஊரடங்கால். லாரிகள் மலையேறாத அந்த நாட்களில் அஸ்கா டப்பாவைச் சுரண்டித் தீர்த்தாகிவிட்டது. ராமநாதபுரம் சாயல்குடிப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பிய தம்பி அப்துல் சமது, அக்கா வீட்டுப் பரணில் அரை மூட்டை கருப்பட்டியைப் போட்டுவைத்திருந்தான். வேறு வழியில்லாமல் அதை உடைத்துக் காபியில் போட்டார். எஸ்டேட் ஆட்கள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மறுநாள் நாலு பேர் கூட வந்தார்கள். ஊரடங்கு போய்விட்டது, அஸ்கா திரும்பிவரவே இல்லை. பழக்கம் விடாத சிலருக்கு மட்டும் நாட்டுச்சக்கரை.

கருப்பட்டியை அவர் அப்படியே போடமாட்டார். உடைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். துணியில் நிற்கும் மணலை என்னிடம் காட்டி, “பாருங்க, ராமநாதபுரத்து மண்ணு. ஓசியில ஊர் சுத்திக் காட்டுறேன்” என்பார். கொதிக்கிற பாலில் பாகை விட்டால் பால் திரிந்துவிடும் என்பதைப் பாடம் படித்தது ஒரே காலையில் இரண்டு தூக்குப் பாலை இழந்து. “பால் கோவிச்சுக்குதுங்க. கொஞ்சம் ஆறவுட்டு, சமாதானமானப்புறம் ஊத்தோணும்.” எலுமிச்சைத் தண்ணீருக்குத் தேன். அதையும் சுடச்சுட ஊற்றமாட்டார், தேனுக்கு அவமானமாம். குழிப்பணியாரத்துக்கு, தோல் கறுத்துப்போன மலைவாழைப்பழம். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துப் பாலில் கலந்து ஒரு பானம் செய்வார். அதைக் குடிப்பதற்காகவே நோன்பு பிடிக்கலாமா என்று நான் யோசித்ததுண்டு.

ஆனால் கடையின் முத்திரை இதெல்லாம் இல்லை, சத்தம்தான். பாகை விட்டதும் நீளமான ஒரு கரண்டியை டம்ளரில் இறக்கி ஏழு சுற்றுச் சுற்றுவார். கரண்டி கண்ணாடியில் பட்டுக் கிணிங் கிணிங்கென்று எழும் சத்தம் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கேட்கும். கேட்டவர் ஒருவராவது சாலையைத் தாண்டி வருவார். “கலக்குற சத்தம் கேட்டாத்தானுங்க அது காபி. கேக்காட்டி கசாயம்” என்பது அவர் கட்சி.

அங்கப்பன் அந்தச் சத்தத்துக்குப் பழைய அடிமை. கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்துக்காரர், அறுபத்தைந்து வயது, இந்தத் திருப்பத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரி. ஊரில் சொந்தமாக இரண்டு ஏக்கர் காபி இருக்கிறது. ஹலீமா கடையில் ஆற்றுவது அவர் தோட்டத்துக் காபிதான். வருடாவருடம் மூட்டை வரும், ஹலீமா வறுத்து அரைத்துக்கொள்வார். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினதும் ஒன்று, மாலையில் திரும்பும்போது ஒன்று, மதியம் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கண்ணில் படாமல் ஒன்று என்று மூன்று காபி குடிப்பார். ஹலீமாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் தை மாதம் அவருக்குச் சக்கரை இருக்கிறது என்று தெரிந்தது. கீழே சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குத்தான் வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“டாக்டரு சக்கரையத் தொடவே கூடாதுன்னுட்டாரு தங்கச்சி. எனக்கு இனிமே சக்கரை வேண்டாம். கருப்பட்டியே போட்டுடு.”

“அதுதாண்ணா நல்லது. இது பனையில வர்றது. சக்கரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அகராதியில் சரியாகத்தான் பேசினார்கள். மூன்றாவதாக ஒரு படித்த முட்டாள் அங்கே உட்கார்ந்திருந்தான். தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்று, குளிருக்கு ஆசைப்பட்டு இங்கே வாடகை வீடு எடுத்துத் தங்கியிருக்கும் நான்தான் அது. எதிலோ படித்ததை நம்பி, “கருப்பட்டி இயற்கையானதுங்க, ஒண்ணும் செய்யாது” என்று தலையாட்டி வைத்தேன். அந்தத் தலையாட்டலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்றும் செய்யாது என்று ஆன பிறகு ஏன் குறைவாகப் போட வேண்டும்? வியாதிக்காரர் என்ற பாசத்தில் ஹலீமா ஒரு கரண்டி கூடவே விட்டார். சக்கரையைத்தான் அறவே விட்டாயிற்றே என்று அங்கப்பன் மாத்திரையையும் இரண்டு நாளைக்கு ஒன்றாக்கிக்கொண்டார். அதே சமயம் ஹலீமா ஒரு தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, தன் கையாலேயே எழுதி வாசலில் மாட்டினார்: ‘சக்கரை இல்லாத கருப்பட்டிக் காபி’. டூரிஸ்டுகள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஹலீமாவும் சில படங்களில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார்.

ஆவணியில் அங்கப்பனின் இடது கால் சுண்டுவிரலில் ஒரு முள் குத்தியது. அவர் காலில் குத்தாத முள்ளா? ஆனால் இந்தமுறை ஆறவில்லை. கிராம சுகாதார நர்ஸ் சுதாராணி காலைப் பார்த்துவிட்டு, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்ட கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வண்டியிலிருந்து இறங்காமல் போர்டை ஒருமுறை படித்தார். இறங்கி இன்னொருமுறை படித்தார்.

“இந்த போர்டு யாருங்க எழுதுனது?”

“நான்தான் சிஸ்டர். நல்லா இருக்குதுங்களா?”

“பாயம்மா, கருப்பட்டியும் சக்கரைதான். நாட்டுச்சக்கரை, வெல்லம், தேன், பேரீச்சம்பழம் எல்லாமே அப்படித்தான். நாக்குக்குத்தான் வேற வேற பேரு. ஒடம்புக்குள்ள போயிட்டா எல்லாத்துக்கும் ஒரே பேரு.”

ஹலீமா கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தார். அன்று அதற்குமேல் காபி போடவில்லை. அங்கப்பனைச் சேலத்து ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் வைத்துப் பார்த்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள், சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாப் பழியையும் நீங்களே எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவர் மாத்திரையும் சரியாகப் போடவில்லை என்று சுதாராணி எவ்வளவோ சொன்னார். ஹலீமா கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

போர்டு இறங்கியது. புதுசு ஏறியது. ‘கருப்பட்டிக் காபி கிடைக்கும். கருப்பட்டியும் சக்கரையே. இருக்கிறவர்கள் சொல்லவும்.’ கடைசி வரி சிலருக்குப் புரிவதில்லை. அதனால்தான் வாயாலும் கேட்கிறார். இதில் இழப்பும் உண்டு. பக்கத்து ரிசார்ட்டின் மேனேஜர் விஜயகுமார், காலை டிபனுக்குத் தினமும் காபி வாங்கிக்கொள்வதாக வந்தார். ‘சுகர் ஃப்ரீ’ என்று ஒரு சின்ன அட்டை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றார். “அட்டை வைங்க, வேண்டாங்கல. அதுல கருப்பட்டின்னு எழுதிக்கங்க” என்றார் ஹலீமா. அதை எழுதினால் டயட் பார்க்கிறவர்கள் எடுக்கமாட்டார்களே என்றார் மேனேஜர். “அவங்க எடுக்கக் கூடாதுன்னுதானுங்க நானும் சொல்றேன்.” மேனேஜர் காபியை முழுசாகக் குடித்துவிட்டு, திரும்பி வரவே இல்லை.

கடைக்குள் ஒரு புதுச் சட்டமும் வந்தது. சக்கரை இருக்கிறவர்களின் டம்ளரில் கரண்டி இறங்கக் கூடாது. கரண்டியில் ஒட்டியிருக்கும் பாகு ஒரு சொட்டுக்கூட அவர்கள் வயிற்றுக்குள் போகக் கூடாதாம். ஆகவே அவர்களுக்கு வெறும் காபி, சத்தமே இல்லாமல் வரும். அவர்கள் எல்லாம் இடதுபக்க பெஞ்சில் உட்கார்ந்து, வலதுபக்க பெஞ்சுக்காரர்களுக்குக் கிணிங் கிணிங் கேட்பதைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்கள். என் சர்க்கரை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டாக்டர் ‘பார்டர்’ என்றார். தெரியாத்தனமாக அதைக் கடையில் சொல்லிவிட்டேன். அன்று முதல் எனக்குப் பெயர் பார்டர் சார், அரைக் கரண்டி பாகு, மூன்றரைச் சுற்று. மூன்றுக்குப் பிறகு அந்த அரைச் சுற்றில் கரண்டியை அவர் சட்டென்று நிறுத்துவது எனக்காகவே செய்கிற கேலி.

சட்டம் போட்டாயிற்று, போர்டு மாற்றியாயிற்று. யாருக்காகச் செய்தாரோ அவர் மட்டும் வரவில்லை. கால் ஆறி, அங்கப்பன் எஸ்டேட் வேலைக்குத் திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் திருப்பத்தில் இறங்குவதில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, ஒன்பது விரலோடு மேட்டில் நடந்து, பின்பக்கப் பாதையாக எஸ்டேட்டுக்குள் போய்விடுகிறார் என்று கண்டக்டர் சொன்னார். மாசியில் காபி மூட்டை எப்போதும்போல் பஸ் கூரையில் வந்து இறங்கியது. ஆள் வரவில்லை. ஹலீமா மூட்டையைப் பிரிக்காமல் அதன் பக்கத்திலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

“வாயத் தொறந்து திட்டிட்டாருன்னாக்கூட தேவலைங்க பார்டர் சார். மூட்டைய அனுப்புறாரு பாருங்க, அதுதான் தாங்க முடியல.”

நீங்களே கொட்டச்சேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன். “போயி? உங்க வெரலு எப்படி இருக்குதுண்ணான்னு கேக்கறதா?” என்றார்.

அவர் யோசனை வேறாக இருந்தது. அங்கப்பண்ணன் என்றைக்காவது வருவார். வருகிற அன்றைக்கு அவர் டம்ளரில் போட, சக்கரை ஏற்றாத ஓர் இனிப்பு கையில் இருக்க வேண்டும். மலர்க் கண்காட்சிக்கு வந்த நர்சரிக்காரரிடமிருந்து சீனித்துளசிச் செடிகள் வாங்கிவந்தார். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் அடிநாக்குவரை இனிக்கும் செடி. சுதாராணியிடம் கேட்டார். “அது சக்கரைய ஏத்தாதுன்னுதான் சொல்றாங்க. எதுக்கும் அவரு டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க” என்றார் நர்ஸ். இந்தமுறை ஹலீமா தானே டாக்டருக்குப் போன் போட்டு, ஒன்றுக்கு மூன்றுமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பழைய பெயின்ட் டப்பாக்களில் ஆறு செடி வைத்தார். இரண்டு பனியில் போயின. மூன்றைக் குரங்குகள் கண்டுபிடித்தன. முதலில் வந்த குரங்கு ஓர் இலையைத் தின்றது, கொஞ்சம் யோசித்தது, திரும்பிப் போய்க் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. ஹலீமா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடியபோதுகூட, “ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?” என்று அவற்றைக் கேட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

மிஞ்சிய ஒரு செடியின் இலைகளைக் காயவைத்துப் பொடித்து, ஒரு பழைய மாத்திரைப் புட்டியில் அடைத்தார். அதைக் காபியில் போட்டுப் பரிசோதிக்க அகப்பட்டவன் நான். முதல் நாள் அதிமதுரக் கஷாயம்போல் இருந்தது. இரண்டாம் நாள் புல் வாசம் வந்தது. மூன்றாம் நாள் இனிப்பு வந்தது, ஆனால் போக மறுத்தது. மத்தியானச் சாப்பாட்டில் ரசம்கூட இனித்தது. ஒரு வாரத்தில் அளவு பிடிபட்டது. இரண்டு விரல் நுனியில் ஒட்டுகிற பொடி, அதற்குமேல் இல்லை. அந்தப் புட்டிக்கு மேல் ‘அங்கப்பண்ணன்’ என்று எழுதி ஒட்டி, பால் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். வேறு யாருக்கும் அதிலிருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

இந்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மலைக்கிராமங்கள் எல்லாம் மேலே ஏறுகிற நாள். கூட்டம் தாங்காமல் பஸ்களை எல்லா ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. கொட்டச்சேட்டுப் பஸ்ஸிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் திருப்பத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு வந்த பஸ்ஸிலிருந்து முதலில் சின்னத்தாயி இறங்கினார். அவர் அங்கப்பனின் மனைவி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கப்பன் இறங்கினார். இறங்கினதும் தோள் துண்டை எடுத்து மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஹலீமா அதைப் பார்த்தார். பாகு கிண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு வெறுப்பா? எழுந்து போய் அந்த மனிதரிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சின்னத்தாயிதான் முதலில் சாலையைத் தாண்டினார். “பாயம்மா, எனக்கு ஒரு காபி. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லா ரெண்டு கரண்டி வுட்டே போடு. அந்தாளு வரமாட்டாரு. இந்தப் பக்கம் வந்தாலே கருப்பட்டி வாசத்துக்குக் காலு தானா ஊட்டுக்குள்ள வர்ற மாதிரி வந்துருமாம். ஆறு மாசமா ஒரு மைலு நடக்குறாரு, உங்க கடை வாசத்துக்குப் பயந்துக்கிட்டு.”

ஹலீமாவுக்கு முதலில் புரியவில்லை. “கோவம் இல்லீங்களா?” என்றார்.

“கோவமா? யாருமேல?” என்று சின்னத்தாயி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எதிர்ப்பக்கம் நின்ற அங்கப்பன் தோற்றுவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, லேசாக ஒரு பக்கம் சாய்ந்த நடையில் சாலையைத் தாண்டி வந்து, யாரும் சொல்லாமலே இடதுபக்க பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்த வாசம் மூக்குல ஏறுச்சுன்னா நான் கேட்டுப்போடுவேன் தங்கச்சி. நீ குடுக்காட்டியும் வுட மாட்டேன். அதான் சுத்திக்கிட்டுப் போனேன். நீ வேற மாதிரி நெனச்சுக்கிட்டியா?”

ஹலீமா அடுப்படியில் இல்லாத வேலையெல்லாம் செய்தார். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினார். பிறகு அலமாரி மேல்தட்டிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “இது ஏத்தாதுண்ணா. உங்க டாக்டரைக் கேட்டுட்டேன். சிஸ்டரையும் கேட்டுட்டேன். பார்டர் சாருக்குப் போட்டுப் பாத்துட்டேன், அவரு உசுரோடதான் இருக்காரு.”

அங்கப்பன் புட்டியின் மேல் எழுதியிருந்த தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். முகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. “நல்லாத்தான் இருக்குது. இத இவளுக்குக் குடு” என்று மனைவியைக் காட்டினார். “எனக்கு ஒண்ணும் வேண்டாம் தங்கச்சி. ஆஸ்பத்திரியில பதினேழு நாளு வெறுங்காப்பிதான் குடுத்தாங்க. அங்க காபியே நல்லா இல்ல. ஊட்டுக்கு வந்து நம்ம காபிய அதே மாதிரி வெறுமனே குடிச்சுப் பாத்தேன். இருவது வருசமா நான் வெளைவிச்ச காபிய அன்னிக்குத்தான் குடிச்சேன். அதுக்கு முன்னால குடிச்சதெல்லாம் சக்கரையும் கருப்பட்டியும்.” பிறகு காலைக் காட்டி, “பத்துல ஒண்ணு போச்சு, மீதி ஒம்பதும் வேலை செய்யுது. போ, போட்டுக் கொண்டா” என்றார்.

ஹலீமா டிகாஷனை ஒரு கையிலும் பாலை ஒரு கையிலும் எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார். ஊரையெல்லாம், புருஷனையெல்லாம், தேனிலவு ஜோடியையெல்லாம் கேட்டவருக்கு இவரைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

“என்ன நிக்கிறே? எல்லாரையும் கேப்பியாமே, என்னையும் கேளு.”

“வேண்டாண்ணா.”

“கேளுங்கறேன்.”

“ஏனுங்ணா,” என்றார் ஹலீமா. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். “ஏனுங்ணா, சக்கரை இருக்குதுங்களா?”

“இருக்குது தங்கச்சி. எங்கிட்டயே நெறைய இருக்குது. நீ போட வேண்டாம்.”

வலதுபக்க பெஞ்சு, இடதுபக்க பெஞ்சு எல்லோரும் சிரித்தோம். ஹலீமாவும் அழுதுகொண்டே சிரித்தார். காபி இறங்கியது. சட்டப்படி சத்தமில்லாமல் டம்ளரை அவர் முன்னால் வைத்தார். அங்கப்பன் அதை எடுக்கவில்லை. டம்ளரைப் பார்த்தார், ஹலீமாவைப் பார்த்தார், காதைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்.

“கசாயமா குடுத்திருக்கே?”

ஹலீமா உள்ளே போனார். பாகுக் கரண்டியைத் தொடவில்லை. பெட்டியைத் திறந்து புதுக் கரண்டி ஒன்றை எடுத்தார். கொதிக்கிற தண்ணீரில் முக்கினார், முக்காட்டு நுனியால் ஈரம் போகத் துடைத்தார், அவர் கண்முன்னால் நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். பிறகு, கலக்குவதற்கு ஒன்றுமே இல்லாத அந்தக் காபியில் கரண்டியை இறக்கி, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, கிணிங் கிணிங்கென்று ஏழு சுற்றுச் சுற்றினார்.